கிடங்கு போய்க் குதம் வந்த கதை

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'எண்ணெய்க் குதம்' என்ற சொல் ஏறாத ஆண்டு அரிது. குத்தகை, எதிர்ப்பு, ஒப்பந்தம், மறுபடி ஒப்பந்தம் என்று ஏதாவது ஒரு தலைப்பில் அது வந்து நிற்கும். நிலாவெளிப் பக்கத்து ஆட்கள் தெற்கே திருகோணமலை நகரத்துக்கு இறங்கி, உட்துறைமுகத்தைச் சுற்றிச் சீனன்குடா வழியாகக் கந்தளாய்க்குப் போகிறபோது வழியில் வரும் எண்ணெய்ச் சேமிப்பிடத்துக்குச் சொல்லும் பெயரும் அதுதான். அதே செய்தியைத் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் படித்தால் முதலில் திகைப்பார். பிறகு சிரிப்பை அடக்கப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த குதம் மருத்துவ நூலில் வருவது, உணவுப் பாதையின் கடைசி வாசல்.

ஈழத்து மாணவரும் உயிரியல் பாடத்தில் அந்தக் குதத்தைப் படித்தவர்தான். ஆனாலும் எண்ணெய்க் குதம் என்றால் அவருக்குச் சிரிப்பு வராது. இரண்டும் வேறு வேறு சொற்கள். எழுத்திலும் ஒலியிலும் மட்டும் ஒன்றாகிப் போனவை. உடலுறுப்பின் பெயர் வடமொழியிலிருந்து நேரே வந்தது. பண்டசாலையின் பெயரோ தமிழ்க் கரையிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கடலுக்குப் போய், வேறொரு நாட்டார் வாயில் ஏறித் திரும்பி வந்தது. போகும்போது அதற்குப் பெயர் கிடங்கு.

'கிட' என்பது வேர். கிடக்கை, ஆட்டுக்கிடை, கிடைமட்டம், கிடப்பில் போடுதல் எல்லாம் அதிலிருந்து முளைத்தவை. அசையாமல் ஓரிடத்தில் இருப்பதே இவை அனைத்துக்கும் பொதுக் கருத்து. கிடங்கு என்ற சொல்லுக்குச் சங்க நூல்களில் கோட்டையைச் சுற்றிய அகழி என்று பொருள். தண்ணீர் கிடக்கும் பள்ளம் அது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனுடைய ஊர்களில் ஒன்று கிடங்கில். திண்டிவனத்தை ஒட்டி அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. பிறகு பொருள் இரண்டாகக் கிளைத்தது. தமிழ்நாட்டில் பண்டம் கிடக்கும் இடம் என்ற பொருள் வென்றது: உணவுக் கிடங்கு, சேமிப்புக் கிடங்கு, ஆயுதக் கிடங்கு. ஈழத்தில் பழைய பள்ளப் பொருளே நிலைத்தது. வாழை வைக்கக் கிடங்கு வெட்டுவார்கள். குப்பையைக் கிடங்கில் போட்டு மூடுவார்கள். மழைக்குப் பிறகு வீதியெல்லாம் கிடங்கு என்று திட்டுவார்கள். ஆகவே திருகோணமலைக்காரரிடம் 'எண்ணெய்க் கிடங்கு' என்றால், எண்ணெய் ஊறிய ஒரு குழிதான் அவர் மனத்தில் வரும். பண்டசாலைக்கு வேறொரு சொல் அங்கே தேவைப்பட்டது. கடல் அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

தெலுங்கில் இந்தச் சொல் 'கிட்டங்கி' என்று வழங்கியது. அந்த வடிவம் தமிழுக்கும் வந்து தென்மாவட்டத் துறைமுகங்களில் பண்டசாலைப் பெயராக ஒட்டிக்கொண்டது. நகரத்தார் அதைக் கப்பலேற்றினார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் பலர் ஒரே கூரையின் கீழ்ப் பெட்டகமும் கணக்குப் பலகையும் வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய கட்டடங்களுக்குக் கிட்டங்கி என்றே பெயர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே சோழமண்டலக் கரையின் வணிகர்கள் அந்தக் கடலில் போய்வந்துகொண்டிருந்தார்கள். சுமாத்திராவின் பாருஸ் துறைக்கு அருகே கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சாட்சி. கப்பல் 'கப்பால்' ஆகவும், கடை 'கெடை' ஆகவும், பெட்டி 'பெத்தி' ஆகவும் மலாய் மொழியில் குடியேறியது இப்படித்தான். கிடங்கும் அங்கே போய்க் 'குடாங்' ஆனது. இந்தோனேசியாவின் பெயர்பெற்ற சிகரெட் நிறுவனமான 'குடாங் காரம்' தன் பெயரில் வைத்திருப்பது உப்புக் கிடங்கு. அந்தப் பெயரில் பாதி நம்மூர்ச் சொல்.

1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தார்கள். கிராம்பும் சாதிக்காயும் சந்தனமும் அடைத்துவைத்த கல்வீடுகளைக் கண்டார்கள். ஊர்க்காரர் சொன்ன பெயரைத் தங்கள் நாவுக்கு வளைத்துக் 'குதாவோ' என்றார்கள். ஈற்றில் மூக்கொலி உண்டு. 18ஆம் நூற்றாண்டின் போர்த்துக்கேய அகராதிக்காரர் புளூத்தோ இதை இந்தியாவின் சொல் என்று குறித்து, ஏறத்தாழ நிலத்துக்கு அடியில் உள்ள சரக்கறை என்று விளக்கம் கொடுத்தார். யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, அப்படி நிலத்தடியில் இருப்பது அபூர்வம் என்று அவரை மறுக்கிறது. அதே இடத்தில் தமிழ்க் கிடங்கையும் தெலுங்குக் கிட்டங்கியையும் மலாய் வடிவத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ஆங்கிலேயர் வாயில் அந்தச் சொல் 'கோடவுன்' ஆனது. 'கீழே போ' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் அந்த ஒலியில் தற்செயலாகப் பொருந்தின. அதையே தமிழ்நாடு திரும்ப வாங்கிக் 'குடோன்' என்கிறது.

ஈழத்துக் குதம் ஆங்கிலத்தின் வழியாக வந்ததா, போர்த்துக்கேயத்தின் வழியாக வந்ததா? இதற்குச் சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. ஆங்கில 'ட'கர ஒலி நம் காதில் எப்போதும் வல்லின டகரமாகவே விழும். ஆகவேதான் தமிழ்நாட்டுக் குடோனில் டகரம். போர்த்துக்கேயரின் ஒலி பல்லை ஒட்டியது. அது தமிழில் தகரமாகும். அவர்களது 'கதெய்ரா' ஈழத்தில் கதிரை ஆனது அப்படித்தான். குதத்தின் நடுவில் இருப்பதும் தகரம். ஈற்றையும் பார்க்கலாம். போர்த்துக்கேயரின் 'லெய்லாவோ' தமிழில் ஏலம் ஆயிற்று; மூக்கொலி ஈறு மகர மெய்யாயிற்று. அதே கணக்கில் குதாவோ குதம் ஆகும். சிங்களத்தில் 'குதம' என்று வழங்குவதும் அதே தகரத்தோடுதான். அலுமாரி, விறாந்தை, கோப்பை, கதிரை என்று நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த போர்த்துக்கேயச் சொற்களோடு சேர்ந்து இதுவும் இறங்கியிருக்கிறது. திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து 1624இல் கோட்டை கட்டியவர்களின் மொழி அது. 1639இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. குதம் என்ற சொல் யாரோடும் புறப்பட்டுப் போகவில்லை.

அதுவரை குதத்தில் கிடந்தவை பாக்கும் உப்பும் அரிசியும் துணியும். மூட்டையை எண்ணிக் கணக்கில் எழுதிக் கதவைப் பூட்டிவிட்டால் காவல்காரனைத் தவிர வேறு யாரும் அங்கே தேவையில்லை. எண்ணெய் வந்ததும் நிலைமை மாறியது.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. கரி தோண்டும் நாட்டுக்கு எண்ணெய் வெளியிலிருந்து வரவேண்டும். அதைக் கடல்வழி நெடுகச் சேர்த்தும் வைக்கவேண்டும். கீழைக் கடலில் அதற்குத் தெரிந்தெடுத்த துறைகளில் ஒன்று திருகோணமலை. 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவின் பின்னால் காட்டை வெட்டி, நூற்றை ஒட்டிய எண்ணிக்கையில் உருக்குத் தாங்கிகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இறங்குதுறையை ஒட்டிக் கீழ்த் தொகுதி; உள்ளே தள்ளி மரங்களுக்கு நடுவே மேல் தொகுதி. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானியர் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கியபோது ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் மோதியது. நாட்கணக்கில் எரிந்து உருகிய அந்தத் தாங்கியின் தகடுகள் இன்னும் அங்கே கிடக்கின்றன. இப்போது எண்ணிச் சொல்லும் தொகை 99.

இங்கே இன்னொரு சொல் நடுவில் நுழைகிறது. மேலே 'தாங்கி' என்று எழுதினேன். தமிழ்நாட்டில் தொட்டி என்பார்கள். ஈழத்தில் நீர்த்தாங்கி, எண்ணெய்த்தாங்கி, போருக்கு வரும் கவச வண்டியும் தாங்கி. தாங்குவது தாங்கி என்ற இலக்கணம் பொருந்துகிறது. ஆங்கில 'டாங்க்' என்ற ஒலியும் பொருந்துகிறது. ஒலியையும் பொருளையும் ஒரே எய்தலில் பிடித்த ஆக்கம் இது. அந்த ஆங்கிலச் சொல்லின் பின்னாலும் குஜராத்தி 'டாங்கி'யும் போர்த்துக்கேயத் 'தாங்கெ'யும் நிற்கின்றன. இலங்கைக் குளங்களை எல்லாம் ஆங்கிலேயர் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். கந்தளாய்க் குளமும் அவர்கள் ஏட்டில் ஒரு 'டாங்க்'. சிங்களத்தில் திருகோணமலைத் தாங்கிகளுக்குத் 'தெல் டாங்கி' என்பதே வழக்கு. தமிழ் மட்டும் இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தது: எண்ணெய் நிற்கும் கலம் தாங்கி; தாங்கி, குழாய், பம்பி, வாசல், காவல் எல்லாம் சேர்ந்த இடம் குதம். பேச்சில் இரண்டும் கலந்துவிடுவதுண்டு. ஆனாலும் ஒரு குதத்தில் பல தாங்கி இருக்கலாம், ஒரு தாங்கியில் பல குதம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தாங்கிக்குள் எண்ணெய் கிடக்கிறதா? கிடக்கிற மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது ஒரு நிலையில் இருப்பதேயில்லை. வெயில் ஏறினால் பெருக்கும், இரவில் சுருங்கும். டீசல் ஒரு பாகை வெப்பம் கூடினால் பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு அளவு பெருக்கும். நிறைந்த 12,000 கிலோலீற்றர் தாங்கியில் அது பத்தாயிரம் லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சொட்டும் உள்ளே வராமல், வெளியே போகாமல், கணக்கில் மட்டும் அவ்வளவு கூடியோ குறைந்தோ தெரியும். அடியில் தண்ணீர் சேரும். மேலே ஆவி சேரும். அந்தத் தாங்கி 12 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால், மட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழை ஆயிரம் லீற்றர் பிழை. ஆகவே எண்ணெய்க் குதத்தில் முதன்மையான வேலை அளப்பது.

அளக்கிற வேலைக்குக் குதத்தில் 'டிப் எடுக்கிறது' என்று பெயர். தாங்கியைச் சுற்றிய படிக்கட்டில் ஏறி, கூரையில் உள்ள சின்ன வாயைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய உருக்கு நாடாவை இறக்க வேண்டும். பித்தளைதான் வேண்டும், அடியில் இடித்தாலும் பொறி பறக்காது. குண்டில் ஒரு பசையைப் பூசியிருப்பார்கள்; தண்ணீர் பட்ட உயரம் வரை அது நிறம் மாறும். நாடாவில் நனைந்த கோட்டைப் படித்து, வெப்பநிலையைக் குறித்து, அந்தத் தாங்கிக்கென்றே போட்ட அட்டவணையில் பார்த்து, நியமமான 15 பாகைக்குத் திருத்தி எழுதினால்தான் இருப்பு எவ்வளவு என்று சொல்லமுடியும். இந்த மாவட்டத்துக்கு அளவைப் பதிந்து வைப்பது புதுப் பழக்கம் அல்ல. நிலாவெளிப் பிள்ளையார் கோயிலில் கிடைத்த பழந்தமிழ்க் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்டதை அளவோடும் எல்லையோடும் சொல்கிறது. நிலத்தின் அளவை ஒருமுறை வெட்டி வைத்தால் போதும். எண்ணெயின் அளவு எழுதிய மை காய்வதற்குள் மாறும்.

ஏறி இறங்கும் அலுப்பைக் குறைக்க வந்த முதல் தன்னியக்கக் கருவி மிதவை. தாங்கிக்குள் மிதக்கும் ஒரு தட்டை நாடாவில் கட்டி, நாடாவைக் கப்பியில் ஏற்றி வெளியே இறக்கி, மறுநுனியில் சுட்டியைத் தொங்கவிட்டார்கள். எண்ணெய் ஏறினால் சுட்டி இறங்கும். ஆகவே வெளிச்சுவரில் எழுதிய எண்கள் தலைகீழாக இருக்கும், மேலே வெறுமை, கீழே நிறைவு. பிறகு அந்த நாடா சுற்றும் சில்லின் அசைவையே மின்குறியாக்கிக் கம்பி வழியே ஓர் அறைக்கு அனுப்பினார்கள். 1970களில் கப்பல்களுக்காக உருவான ராடார் அளவி, நாடாவே இல்லாமல் மேலிருந்து அலையை அனுப்பி எதிரொலியில் மட்டத்தைப் படித்தது. இன்றைய புதுக் குதங்களில் அதுதான் வழக்கம். ஆனாலும் கணக்கு முரண்பட்டால், கடைசியில் ஓர் ஆள் பித்தளைக் குண்டோடு ஏறித்தான் தீர்க்கிறார்.

தாங்கியில் இருப்பதை மெதுவாக அளந்தாலும் பரவாயில்லை. குழாயில் ஓடுவதை அப்படி அளக்க முடியாது. பென்சில்வேனியாவில் 1865இல் சாமுவேல் வான் சிக்கெல் இரண்டு அங்குல இரும்புக் குழாயை ஐந்து மைலுக்கு மேல் போட்டு, மூன்று நீராவிப் பம்பிகளால் கச்சா எண்ணெயைத் தள்ளினார். பீப்பாய் ஏற்றிப் பிழைத்த வண்டிக்காரர்கள் குழாயைத் தோண்டி உடைத்தார்கள். துப்பாக்கிக் காவல் போடவேண்டி வந்தது. பம்பி ஏன் மூன்று? குழாயின் சுவரோடு உரசி அழுத்தம் கரைந்துகொண்டே போகும். கரைந்த இடத்தில் இன்னொரு பம்பி தூக்கிக் கொடுக்கவேண்டும். குழாய் நீள நீளப் பம்பிநிலையங்கள் பெருகின. தமிழ்நாட்டில் குடிநீருக்கு 'நீரேற்று நிலையம்' என்று அழகாகச் சொல்வார்கள். எண்ணெய்க்கு அது பொருந்தாது. மேட்டில் ஏற்றுவதைவிட உரசலை எதிர்த்து உந்துவதே அங்கே பெரும்பாடு. 'உந்து நிலையம்' என்று எழுதுவோர் சரியான வினையைப் பிடித்திருக்கிறார்கள்.

நிலையங்கள் பெருகியதும் ஒன்று மற்றொன்றின் நிலையை அறியவேண்டி வந்தது. முதலில் தந்தி, பிறகு தொலைபேசி. ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு நிலையத்தாரும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சொல்வார்கள். மையத்தில் ஒருவர் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துவராவிட்டால் இடையில் கசிவு, அல்லது திருட்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா டெக்சாசிலிருந்து கிழக்குக் கரைக்குப் போட்ட 'பிக் இஞ்ச்' குழாய் 24 அங்குலம் அகலம், 2,000 கிலோமீற்றர் நீளம், 1943இல் முடிந்தது. ஏறத்தாழ 80 கிலோமீற்றருக்கு ஒரு பம்பிநிலையம். இந்த அளவில் தொலைபேசி தோற்றுப்போகும், அதற்குக் காரணம் இயற்பியல். ஒரு நிலையம் சட்டென்று நின்றால் பின்னால் வரும் எண்ணெய் முட்டி அழுத்த அலையாகத் திரும்பும். அந்த அலை நொடிக்கு ஒரு கிலோமீற்றர் அளவில் ஓடும். 80 கிலோமீற்றரைக் கடக்க ஒன்றரை நிமிடம்கூட வேண்டாம். முன்பக்கத்து நிலையமோ உறிஞ்ச எண்ணெய் இல்லாமல் வெற்றிடத்தை இழுக்கும். பம்பியின் உள்ளே குமிழிகள் நொறுங்கி உலோகத்தை அரிக்கும். ஒருவர் தொலைபேசியை எடுத்து, இணைப்புக் கேட்டு, விவரம் சொல்லி முடிப்பதற்குள் குழாய் வெடித்திருக்கும்.

ஆகவே தன்னியக்கம் முதலில் மையத்தில் பிறக்கவில்லை; ஒவ்வொரு பம்பியின் பக்கத்திலும் பிறந்தது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் நிறுத்து, வெளியேற்றும் பக்கம் எல்லை தாண்டினால் நிறுத்து என்று இரண்டே கட்டளை தெரிந்த ஆளிகள் அவை. பம்பி தானாக நிற்பதை 'ட்ரிப் ஆகிட்டுது' என்று எந்தக் குதத்திலும் சொல்வார்கள். மின்சாரக்காரர்களிடமிருந்து வந்த பேச்சு. அதன் பிறகுதான் தொலைபேசிக் கம்பியில் துடிப்புகளை அனுப்பி, தூரத்து நிலையத்தை ஆளில்லாமலே இயக்கும் முறை வளர்ந்தது. 1950களில் அமெரிக்காவில் ஆளில்லா உந்து நிலையங்கள் பழக்கமாயின. நம் பக்கத்தில் அசாமின் நஹர்கட்டியா வயலிலிருந்து 1962இல் குவாஹாட்டிக்கும் 1964இல் பீகாரின் பரௌனிக்கும் எட்டிய 1,157 கிலோமீற்றர் கச்சா எண்ணெய்க் குழாய், வழி நெடுக வானொலி அஞ்சல் நிலையங்களை வைத்துக்கொண்டு ஓடியது. கணினி வந்து இவற்றையெல்லாம் ஒரே திரையில் சேர்த்தபோது 'ஸ்காடா' என்ற பெயர் பிறந்தது. மேற்பார்த்து ஆள்வதும் தரவு திரட்டுவதும் என்று அதை விரிக்கலாம். குதத்தின் பழைய வினை கிடத்தல். ஸ்காடாவின் வினைகள் பார்த்தலும் ஆளுதலும்.

குதத்தை விட்டு எண்ணெய் வெளியேறும் வழியிலும் அளவையின் வரலாறு ஒன்று ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 'டேங்கர் லாரி' எனப்படும் வண்டி இலங்கையில் 'பவுசர்'. தட்டுப்பாட்டு நாட்களில் பவுசர் வந்ததா என்று கேட்காத வாய் இல்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் போர்ட் வெய்ன் ஊர்க்காரர் சில்வானஸ் பவுசர் 1885இல் மண்ணெண்ணெய்க் கடைக்காரருக்காக ஒரு கைப்பம்பி செய்தார். ஒவ்வொரு இழுப்பும் குறித்த அளவை மட்டும் தரும். தானே அளந்து தானே கொடுக்கும் அந்தப் பம்பியின் பெயர் பிரித்தானியப் படையில் எண்ணெய் நிரப்பும் வண்டிக்கு ஏறி, படையோடு இங்கே இறங்கியது. அளக்கும் கருவி செய்தவரின் பெயர் சுமக்கும் வண்டிக்கு ஆகிவிட்டது.

இந்தப் பின்னணியில் சீனன்குடாவைத் திரும்பிப் பார்த்தால் பெயருக்கும் நிலைமைக்கும் உள்ள பொருத்தம் உறைக்கிறது. 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துப் புறப்பட்டார்கள். 1961இல் சட்டம் இயற்றி இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. ஆனால் எரிபொருள் வணிகத்தின் மையம் கொழும்பு, கொலன்னாவை, 1969க்குப் பிறகு சபுகஸ்கந்தை என்று மேற்கிலேயே நின்றது. கிழக்கின் பெருங்குதம் கிடப்பில் போனது. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்தத் தாங்கிகளைச் சீர்செய்து கூட்டாக நடத்துவோம் என்ற வாசகம் ஏறியது. அது ஓரளவு செயலுக்கு வந்தது 2003இல். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 35 ஆண்டுக் குத்தகை. அப்போதும் கீழ்த் தொகுதிதான் இயங்கியது. மேல் தொகுதியில் 80க்கு மேற்பட்ட தாங்கிகளைக் காடு மூடிக்கொண்டது. 2022 ஜனவரியில் புதிய பங்கீடு: லங்கா ஐஓசிக்கு 14, கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 தாங்கிகளும் இரண்டும் சேர்ந்த புதுக் கம்பனிக்கு, அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்தினுடையது. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

இத்தனை காகிதத்திலும் இரு கரைத் தமிழும் ஒரே பொருளுக்கு இரு பெயர் எழுதிவந்திருக்கின்றன. சென்னை நாளிதழில் அது எண்ணெய்க் கிடங்கு; கொழும்பு நாளிதழில் எண்ணெய்க் குதம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரியாமலே இரண்டும் அடுத்தடுத்து அச்சாகின்றன. 'குதம் கொச்சை, கிடங்கு என்று மாற்றுங்கள்' என்று ஈழத்தாருக்குச் சொல்ல வருவோர் இரண்டை மறக்கிறார்கள். ஒன்று, குதமும் கிடங்கேதான். கடல் சுற்றி வந்ததால் உடை மாறியிருக்கிறது. மற்றது, ஈழத்தில் கிடங்கு என்ற இருக்கை காலியாக இல்லை. அதில் பள்ளம் சங்க காலம் தொட்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்தியாவின் தென்கரையிலிருந்து கடலடியில் குழாய் போட்டுப் பெற்றோலும் டீசலும் அனுப்பும் திட்டம் 2023 முதல் இரு நாட்டுக் கூட்டறிக்கைகளில் இடம்பெறுகிறது. நாகப்பட்டினமும் திருகோணமலையும் அதன் இரு முனைகளாகப் பேசப்படுகின்றன. அது கைகூடினால் இரண்டு கரையிலும் கட்டுப்பாட்டறையில் தமிழ் பேசுவோர் உட்காருவார்கள். திரையில் ஓடும் அழுத்தமும் ஓட்டமும் எண்கள். அவற்றுக்கு மொழிச் சண்டை இல்லை. ஆனால் குழாய் கரையேறும் ஊர்களில் எச்சரிக்கைப் பலகை நிற்கவேண்டும். கசிவு நேர்ந்தால் ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும். 'கிடங்குப் பக்கம் போகாதீர்கள்' என்று நாகப்பட்டினத்தில் சொன்னால் சனம் சரியான திசையில் விலகும். அதையே சீனன்குடாவில் சொன்னால் வீதியில் எந்தக் குழி என்று பார்ப்பார்கள். அங்கே பலகையில் குதம் என்றுதான் எழுதவேண்டும்.